எல்லாருக்கும் தலைவன்

நில அளவைக்காரர்கள் சான் சாபா ஆற்றங்கரையில் முளை அடிக்கத் தொடங்கியதும், அவர்களை அங்கேயே தீர்த்துவிட வேண்டும் என்றான் குவாசி. பனிக்காலத்தில் அவனுடைய கூட்டம் ஒதுங்குவதும் காட்டெருமை இறங்குவதும் அந்தச் சமவெளியில்தான். பித்தளைப் பெட்டிக்குள் முள் ஆடும் அவர்களுடைய கருவிக்குக் குவாசியின் இனத்தாரான கொமாஞ்சிப் பழங்குடிகள் வைத்த பெயர் 'நிலம் திருடுற சாமான்'. திருட வந்தவனைத் திருடும்போதே பிடிக்க வேண்டும் என்பது குவாசியின் கட்சி.

அவனுடைய அக்காள் கணவனான வாகரே, முதலில் வெள்ளைக்காரர்களின் கோட்டைக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்றான். கூட்டத்துக்கு நல்லது கெட்டது சொல்கிறவன் அவன். சண்டை வந்தால் சமவெளியும் போகும், ஆட்களும் போவார்கள் என்று உண்மையாகவே பயந்தான். வாகரே என்றால் ஆமை.

"உனக்குப் பேர் வெச்சவன் ஆள் பாத்துதான் வெச்சிருக்கான் மச்சான்," என்றான் குவாசி.

கோட்டையில் கேப்டன் பிரெண்டிஸ் மரியாதையாகவே நடந்துகொண்டார். காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். ஓர் எல்லைக்கோடு போடுவதாகவும், அதைத் தாண்டி வெள்ளைக்காரன் எவனும் வரமாட்டான் என்றும் வாக்குக் கொடுத்தார். ஆனால் ஒப்பந்தம் என்றால் எதிர்ப்பக்கம் ஒரே ஆள் வேண்டும். கொமாஞ்சிகள் எல்லாருக்கும் தலைவன் யார் என்று கேட்டார். அப்படி யாரும் கிடையாது என்றான் வாகரே. கேப்டன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு நீல ராணுவக் கோட்டு கொண்டுவரச் சொல்லி அவனுக்கே மாட்டிவிட்டார்.

கொடுப்பதை மறுத்தால் கொடுத்தவனை அவமதித்ததாகும். வாகரே போட்டுக்கொண்டான். அவனுக்கு அது வெறும் கோட்டு. கேப்டனுக்கு அது பதவி.

அளவைக்காரர்கள் போய்விட்டார்கள். கோடு மட்டும் காகிதத்தை விட்டு வெளியே வரவில்லை. கோடையில் அதற்கு இந்தப் பக்கமே குடியேறிகளின் மரவீடுகள் முளைத்தன. வாகரே இளைஞர்களை மறுபடியும் பேசிப் பேசி ஆற்றினான்.

அந்தச் சமயத்தில், வாகரேயின் பெயரைக்கூடக் கேட்டிராத வடக்குக் கொமாஞ்சிக் கூட்டம் ஒன்று குடியேறிகளின் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனது. கேப்டன் வாகரேயின் கூட்டம் முழுவதையும் விருந்துக்கு அழைத்தார். உள்ளே இவர்கள் மாட்டிறைச்சி தின்றுகொண்டிருக்க, வெளியே மேய்ந்த இவர்களுடைய குதிரைகளைச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டார்கள்.

மொழிபெயர்ப்பாளன் எலீசியோ, சிறு வயதில் மெக்சிகோவிலிருந்து பிடித்துவரப்பட்டுக் கொமாஞ்சிகளிடம் வளர்ந்தவன். தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "திருடினவங்கள நீ கொண்டுவந்து ஒப்படைக்கணுமாம்ணே. நீதான் எல்லாருக்கும் தலைவனாம்."

"அவங்க மூஞ்சியவே நான் பாத்ததில்ல. என் ஆளுங்களுக்கே நான் உத்தரவு போட்டா, காலையில என் கூடாரம் ஒண்ணுதான் நிக்கும். மத்தவங்க சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. அது சரி, எல்லைக்கோட்டத் தாண்டி வீடு கட்டறாங்களே, அவங்கள ஏன் கேப்டன் நிறுத்தல? அதையும் கேளு."

கேப்டன் நீளமாகப் பதில் சொன்னார். எலீசியோ சுருக்கினான். "அவங்க சுதந்திரமானவங்களாம். யாரும் அவங்களுக்கு உத்தரவு போட முடியாதாம்."

அந்த மனிதர்மேல் வாகரேக்கு முதல்முறையாக ஒரு நெருக்கம் உண்டானது. "அப்ப ரெண்டு பேர் பாடும் ஒண்ணுதான்னு சொல்லு," என்றான்.

கேப்டன் சிரிக்கவில்லை. கொமாஞ்சிக் குதிரைகளை, குதிரை இழந்த குடியேறிகளுக்கு நஷ்ட ஈடாகப் பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார்.

அடுத்த கூடாரத்துக்குப் போவதற்கும் குதிரை ஏறுகிறவர்கள் அன்று நடந்தே திரும்பினார்கள். வழியில், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மரவீட்டின் பட்டியில் வாகரேயின் மனைவியின் புள்ளிக் குதிரை நின்றிருந்தது. அவளைக் கண்டதும் கனைத்தது. வீட்டுக்காரன் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தான். பாவம், யார் குதிரை என்று அவனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாள் வாகரே முகத்தில் போருக்கான கறுப்பு பூசிக்கொண்டு வெளியே வந்தான்.

"இன்னொரு வாட்டி பேசிப் பாக்கலியா மச்சான்?" என்றான் குவாசி.

"அவ குதிரையக் கூட்டிட்டு வரப் போறேன்."

"நாங்களும் வரணுமா?"

"உங்க இஷ்டம்."

ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நடந்தார்கள். பக்கத்து ஆற்றுக் கூட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. அந்த வாரத்தில் புள்ளிக் குதிரை திரும்பி வந்தது. வீட்டுக்காரன் கதவருகே செத்துக் கிடந்தான். மேலும் சில மரவீடுகள் எரிந்தன. குவாசியும் திரும்பவில்லை.

கேப்டன் இதில் பெரிதாக ஆச்சரியப்படவில்லை என்று எலீசியோ பின்னால் வந்து சொன்னான். அத்தனை பேரையும் ஆட்டி வைக்கிற தலைவன் இவன்தான் என்று, கோட்டு கொடுத்த அன்றே தாம் கண்டுகொண்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். இவ்வளவு நல்ல மனிதன் திடீரென்று ஏன் சண்டைக்கு வந்தான் என்பதுதான் அவருக்குப் பிடிபடவே இல்லையாம்.