லால்பாகில் பெண் பார்த்த கதை

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து பரிமளா ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டு வந்தாள். "பயிர் வெக்கிறோம்னு யாரும் வாயத் தொறக்காதீங்க. பையன் விதை பிசினஸ் பண்றான். அவ்ளோதான்."

பொய் என்று அவளுக்கும் தெரியும். வேறென்ன செய்வது? மயிலம் பக்கத்தில் சொந்த நிலம், கிணறு, டிராக்டர். மகன் மணிமாறனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் விவசாயம் என்றதும் பெண் வீட்டார் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுகிறார்கள். மூன்று வருஷமாக இதே கூத்து. இந்த அஸ்வினி பெங்களூரில் வேலை பார்க்கிறவள். வீட்டில் பார்த்தால் நாலு பேர் பேசுவார்கள், லால்பாகிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அம்மா கிருஷ்ணவேணி சொல்லிவிட்டாள்.

ஐதர் அலி காலத்துத் தோட்டமாம். யார் காலமாக இருந்தால் என்ன, வந்த காரியம் முடிந்தால் போதும் பரிமளாவுக்கு. வீட்டுக்காரர் சுப்புராயன் விட்டால்தானே! மரத்துக்கு மரம் நின்றார். பட்டையைத் தட்டினார், மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார்.

"ஏங்க, பொண்ணு பாக்க வந்தோமா, மரம் பாக்க வந்தோமா? ஜல்தி வாங்க!"

"இன்னா மண்ணுடி இது! செக்கச்செவேல்னு கீது. இதுல மல்லாட்டை போட்டா..."

"மல்லாட்டைன்ற பேச்சே எடுக்காதீங்க!" நிலக்கடலைப் பேச்சு பெண் வீட்டார் காதில் விழவா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கண்ணாடி மாளிகை எதிரே கிருஷ்ணவேணியும் பெண்ணும் காத்திருந்தார்கள். பெண் லட்சணமாக இருந்தாள். மணிமாறனோடு சற்றுத் தள்ளி நின்று பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். பரிமளாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து விசில் சத்தம். திரும்பினால், கையில் ஒடித்த செம்பருத்திக் குச்சியோடு சுப்புராயன். அவர் சட்டையைப் பிடித்தபடி காவலாளி. "வயசான ஆளு, திருடவா வந்தே?"

காலையிலிருந்து அடக்கிய எரிச்சல் மொத்தமும் காவலாளி மேல் திரும்பியது. "யாரப் பாத்து திருடன்ற? அவரும் எம்புள்ளையும் சேத்துல எறங்கிப் பயிர் வெச்சாதான் நீ சோறு துன்ற! நல்ல குச்சியப் பாத்தா நட்டுப் பாக்கணும்னுதான் எங்களுக்குத் தோணும். சட்டைய வுடுய்யா!"

அவன் விட்டுவிட்டான். அப்புறம்தான் பரிமளாவுக்கு உறைத்தது.

"விதை பிசினஸ்னு சொன்னீங்க?" என்றாள் கிருஷ்ணவேணி.

மணிமாறன்தான் பேசினான். "பயிர்தாங்க வெக்கிறேன்."

"அப்படிங்களா. வீட்ல கலந்துக்கிட்டு போன் பண்றோம்."

இந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று பரிமளாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அஸ்வினி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அம்மா பின்னாலேயே போய்விட்டாள்.

கணவனை ஒரு பிடி பிடிக்கத் திரும்பினாள் பரிமளா. காரியத்தைக் கெடுத்தது அவர் இல்லை, தன் வாய்தான் என்பது நினைவுக்கு வர, எரிச்சல் இரண்டு மடங்கானது.

"ம்மா," என்றான் மணிமாறன். "இந்த மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் நான் செய்யற வேலைய நீ கூசாம சொல்லியிருக்க."

"சொல்லி இன்னாடா? பொண்ணு பூடுச்சே!" என்று சீறினாள். கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.