இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி

1

ஒரு அட்டைப்பெட்டியால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். சின்ன டேப் ஸ்பூல் வைக்கிற பெட்டி. மேலே சிவப்புப் பென்சிலில் என் கணவரின் கையெழுத்து: 'வீண். அழித்துவிடலாம்.'

கதையில் வரும் யூனிஸ் நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. 'அவள்' என்று எழுதினால் கை தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆகவே அவள்.

முதல் வரிக்குப் பட்ட பாடு:

1969ஆம் வருடம் கிழக்குத் தாம்பரத்தில் (அரசாங்க அறிக்கை போல் இருக்கிறது)

வில்பிரட் மிகவும் நல்லவர், அவர் (இறந்தவர் எல்லோரையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்)

மைக் கம்பிக்குள் இரண்டு கம்பிகள் இருக்கும். (இது இருக்கட்டும்)

2

மைக் கம்பிக்குள் இரண்டு கம்பிகள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தலைப்பின்னல் போலச் செம்பு இழைகளால் ஒரு வலை. அந்த வலை சரியாக இல்லாவிட்டால் டேப்பில் பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓர் உறுமலும் ஏறிவிடும்.

வில்பிரட் பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். ஊரைவிட்டுப் போன ஒருவரிடமிருந்து ஸ்பூல் டேப் ரெக்கார்டரும் மைக்கும் வாங்கி வந்தார். கூட வந்த கம்பி ஒன்றரை முழம்தான் இருந்தது. அவருக்கோ மைக் பின்அறையிலும் மிஷின் சமையலறையிலும் இருக்க வேண்டும், நடுவில் கதவு சாத்தியிருக்க வேண்டும். பின்அறைச் சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டு அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார். கணவனும் மனைவியும் பாயில் படுத்தார்கள்.

"உங்க ஸ்டூடியோல தாளிக்கிற வாசனை வருதே."

"அது கன்ட்ரோல் ரூம். சத்தம் போடாம வெங்காயம் நறுக்கு."

நீளக் கம்பியை முதலில் அவரேதான் செய்தார். அவர் ஈயம் வைத்த முனை ஒவ்வொன்றும் கொழுக்கட்டை அளவு இருக்கும், ஒரு மாதத்தில் பிய்ந்து வரும். யூனிஸ் லேஸ் பின்னுகிறவள். ஒருநாள் அவர் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, செம்பு வலையை ஊசியால் இழை இழையாகப் பிரித்து, ஒரு பக்கமாக முறுக்கி, ஈயத்தை உருக்கி ஒரு சொட்டு வைத்தாள். மாலையில் வந்தவர் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பண்ணது?"

"பூனை."

அன்றிலிருந்து கம்பி வேலை அவளுடையது. (இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். வேறு எங்கே அடித்துக்கொள்வது?)

புதுக் கம்பியைச் சோதிக்க அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. யூனிஸ் பின்அறையில் உட்கார்ந்து, கம்பியை ஆட்டிக்கொண்டே மைக்கில் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ண வேண்டும். அவர் சமையலறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கரகரப்பு கேட்கிறதா என்று கவனிப்பார். அதனால் எல்லா டேப்பிலும் அவள் குரல் இருந்தது. மைக் பக்கமே வராத மனிதரின் குரல் எதிலும் இல்லை.

3

ஹெட்போன் கம்பியும் குட்டை. அதற்கும் ஒரு நீட்டுக் கம்பி செய்யலாம் என்று பிளக்கு வாங்க மார்க்கெட் பக்கம் லாசரஸின் ரேடியோ ரிப்பேர்க் கடைக்குப் போனாள்.

"மைக்குக்கு ஒண்ணு, ஹெட்போனுக்கு வேற மாதிரி ஒண்ணு குடு லாசரஸ்."

"இன்னாக்கா, நான் இன்னா கம்பெனியா நடத்திகினு கீறேன்? ஒரே மாதிரிதான் கீது. ரெண்டுக்கும் இத்தையே போட்டுக்கோ."

"மாறிப்போச்சுன்னா?"

"சாரு பௌதிகம் சொல்லிக் குடுக்குறவரு. அவருக்குப் போயி மாறுமா?"

வீட்டுக்கு வந்து மைக் கம்பியில் சிவப்பு நூலும் ஹெட்போன் கம்பியில் நீல நூலும் சுற்றினாள்.

4

யார் மாற்றினார்கள்? யூனிஸ் நூலை மாற்றிச் சுற்றினாள் என்று ஒரு தாள் எழுதிக் கிழித்தேன். அவர்தான் நூலைப் பார்க்காமல் சொருகினார் என்று இன்னொரு தாள். எனக்குச் சாதகமாக இருந்ததால் அதையும் கிழித்தேன். 1971இல் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் ஹெட்போன் பிளக்கு மைக் துளையிலும், மைக் பிளக்கு ஹெட்போன் துளையிலும் போயிருந்தன. உங்களுக்குத் தெரிகிற இந்த விஷயம் அவர்கள் இருவருக்கும் தெரியாது.

யூனிஸ் நூறுவரை எண்ணினாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி எண்ணினாள். டேப்பைச் சுற்றிப் போட்டுக் கேட்டார், அதிலும் மௌனம்.*

"உன் கம்பி செத்துப்போச்சு."

"என் கம்பியா? உங்க காதைப் பாருங்க முதல்ல."

"முந்நூறு அடி டேப்பு வீண்!"

"தொண்டைத்தண்ணி வத்த எண்ணினேனே, அது வீணில்லையா?"

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் பிளக்குகளை வெட்டியெறிந்து அவள் வேறு வைத்துக் கொடுத்தாள். எல்லாம் கேட்டது. அந்த ஸ்பூல் பெட்டியில் அவர் 'வீண்' என்று எழுதிப் பரணில் போட்டார்.

* ஹெட்போன் துளையில் எதையாவது சொருகினால் அந்த மிஷினில் ஸ்பீக்கர் நின்றுவிடும். அங்கே மைக் இருந்ததால் டேப்பில் பதிந்தது எதுவும் வெளியே வரவில்லை.

5

1975இல் வில்பிரட் போய்விட்டார். அதை இந்த ஒரு வரியோடு நிறுத்துகிறேன்.

அதன்பின் யூனிஸ், 'வீண்' என்று எழுதியிருந்ததைத் தவிர மீதி முப்பத்தொரு ஸ்பூலையும் போட்டுக் கேட்டாள். சர்ச் பாடகர் குழு இருந்தது. அடுத்த வீட்டு வேதா மாமி, திருநீர்மலையில் சேவித்துவிட்டு வந்த கையோடு பாடிய பாசுரம் இருந்தது. யூனிஸ் ஆயிரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் ஒருவர்தான் இல்லை. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. ஆனால் 'யூனிஸ்' என்று கூப்பிடும்போது 'யூ'வில் இழுப்பாரா, 'னி'யில் இழுப்பாரா என்பது மூன்றே வருடத்தில் மறந்துபோயிற்று. யாரிடம் போய்க் கேட்பது?

6

போன மாதம் மிஷினைப் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தாள். துடைத்து எண்ணெய் போட லாசரஸ் வந்தார். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கியவர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, வீணுன்னு சாரே எழுதிகீறாரு. இதுல டெஸ்ட்டு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ."

(எத்தனை தடவை எழுதினாலும் அவள் அதையேதான் சொல்கிறாள்.)

லாசரஸ் பதிவு செய்கிற பட்டனில் விரலை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"சாரு வைவாரு. அழிக்கிறதுக்கு மின்னாடி ஒரு நிமிசம் கேளுடான்னுவாரு. கேட்டுட்டே அழிக்கிறேன்."

டேப் சுழன்றது. பானைக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"யூனிஸ், எண்றியா தூங்கிட்டியா? பச்சை லைட்டு சிமிட்டுது, எனக்கு ஒண்ணும் கேக்கல. இதென்ன, நான் பேசினாத்தான் சிமிட்டுது! வாயை மூடினா நின்னுடுது. எளவு மிஷின்."

சத்தம் டேப்பில் ஏறும்போது மிஷினில் சிமிட்டுகிற விளக்கு அது. பௌதிக வாத்தியார் விடையைத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்.

"அய்ய!" என்றார் லாசரஸ். "ஹெட்போனு மைக்காயிட்டுகீதுக்கா! மைக்குத் தொளையில சொருவினா அதுவும் கேக்கும், தெரியுமா? பிளக்கு மாறிப்போச்சு. நம்ம கடை பிளக்கு!"

'யூ'வில்தான் இழுத்தார்.

யூனிஸ் ஸ்தோத்திரம் சொன்னாள். கர்த்தருக்கு, பிறகு லாசரஸுக்கு, அவர் கடையில் வேறு பிளக்கு இல்லாமல் போனதற்கு, பரணுக்கு, அன்றைக்குப் போட்ட சண்டைக்கும்கூட. லாசரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எதுக்குக்கா, நான் அழிக்க வந்தவன்," என்றார்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. முணுமுணுப்பு, இருமல், ஒரு கீர்த்தனையின் பாதி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம். மறுபடி அந்தக் குரல், இம்முறை தணிந்து: "யூனிஸ், உனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல ஒண்ணு சொல்றேன்."

லாசரஸ் எழுந்து, தண்ணீர் குடிக்கவேண்டும் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

7

அவர் அதற்குமேல் நாற்பது விநாடி பேசுகிறார். யூனிஸ் கேட்டாள். நான் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

அ) கம்பி வேலையில் தன்னைவிட அவள்தான் கெட்டிக்காரி என்று ஒப்புக்கொள்கிறார்.

ஆ) நெஞ்சுவலி அப்போதே ஆரம்பித்துவிட்டது, சொன்னால் அவள் பயப்படுவாள் என்று

இ) மத்தியானக் குழம்பில் உப்பே இல்லை.

மூன்றும் அவர் சொன்னதில்லை. சொன்னதை எழுதப்போவதில்லை. அவள் காதில் விழாது என்று நம்பிச் சொன்னதை அவளே ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டுவது முறையாகாது.

ஆனால் உங்கள் வீட்டிலும் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், அல்லது இருந்தார். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை அவர் குரலில் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"யூனிஸ், உனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல ஒண்ணு சொல்றேன். நீ