சூடு ஆறாத பெஞ்சு

அக்காவை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி எழுந்தான், பல் துலக்கினான், முகச்சவரம் செய்தான், ஷூவுக்குப் பாலிஷ் போட்டான், டீயில் பாதியைக் குடித்து மீதியை வைத்தான், மனைவியோடு ஆலயத்துக்கு நடந்தான், கதவோரக் கடைசி பெஞ்சில் அக்கா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான், உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டான். இடம் சூடாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் வருவதில்லை. யாரோ அந்த நிமிடம்தான் எழுந்து போனதுபோல, ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் பலகை வெதுவெதுவென்று இருந்தது. மனைவி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “என்னங்க, இது அக்கா சூடுதான்” என்றாள். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்று போர்வைகளையும் விரிப்புகளையும் தேய்த்து மடிப்பது அவள் வேலை. அது முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டாள். மேலே வார்டுகளுக்குப் போய், பார்க்க ஆள் வராத நோயாளி யாரென்று கேட்டு, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணுவாள், கிரிக்கெட் பேசினால் கேட்பாள், தூங்கினால் அவளும் தூங்கிவிடுவாள். இதை ஊழியம் என்று போதகர் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னபோது, “ஐயா, நான் உட்காரத்தானே செய்றேன்” என்று கூச்சப்பட்டாள். ஊரில் எல்லோருக்கும் அவள் அக்கா. அதனால் அவன் எல்லோருக்கும் தம்பி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூட அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டன. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் அவனுக்கு நல்ல பெயர் இருந்தும், சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

அவனுக்கு அக்காமேல் ஒரு குறை உண்டு. எல்லோருக்கும் கிடைத்தாள், தனக்கு மட்டும் மிச்சம்தான் கிடைத்தாள் என்பது அந்தக் குறை. அவன் கல்யாணப் படத்தில் அக்கா இல்லை. படம் எடுத்த நேரத்தில் அவள் மண்டபத்தின் பின்கட்டில், காதலியோடு சண்டை போட்டு அழுதுகொண்டிருந்த வேன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மழைக்காலத்தில் படுத்தாள், மழை விடுவதற்குள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் சொந்த அக்கா போனதுபோல அழுதார்கள். தம்பிக்கு அழக்கூட இடமில்லாமல் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. ஆகவே அந்தச் சூடான இடம் கிடைத்தபோது, கடைசியில் ஒன்றாவது எனக்கென்று விட்டுப்போனாளே என்று எடுத்துக்கொண்டான்.

ஆனால் விஷயம் பரவிவிட்டது. அடுத்த வாரம் முதுகுவலிக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் முதுகுவலி இல்லாதவர்களும் வந்தார்கள். கைக்குழந்தைகளை அங்கே கிடத்தினால் ஆராதனை முடியும்வரை சத்தமில்லாமல் தூங்கின. ஒருவர் மழையில் நனைந்த காலுறைகளைக் காய வைத்தார். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் எழுந்திருக்க முடியாத வியாதி உள்ளவர்கள் பலர் அதிகாலையிலேயே இடம் பிடித்தார்கள். போதகர்தான் அதிகம் கலங்கினார். இத்தனை வருடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர், ஒரு பலகை சூடாக இருப்பதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார். சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பெஞ்சைக் குப்புறப் போட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, மரத்துக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி சபைக் கமிட்டிச் செயலாளரிடம் போனான். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் என்பதால் அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர். கண்டவர்களும் உட்கார்ந்தால் சூடு தேய்ந்துவிடும், சுற்றிக் கயிறு கட்டுங்கள், உடன்பிறந்தவன் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். நியாயமாகத்தான் இருந்தது. பெரிய மனிதர்களின் நாற்காலிகளுக்கு அப்படித்தானே செய்கிறார்கள். கமிட்டி சிவப்புக் கயிறு வாங்கியது. சனிக்கிழமை கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி கயிற்றைத் தாண்டிப் பெருமையாகப் போய் உட்கார்ந்தான். பலகை ஜில்லென்று இருந்தது.

முதலில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சூடாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பிரசங்கம் முழுவதும் சமாளித்தான். பிறகு மனைவியிடம் சொன்னான். “கயிறு கட்டினா அக்கா இருப்பாங்களா? சாவி போட்டுப் பூட்டின வீட்டுலயே அவங்க இருந்ததில்ல” என்றாள் அவள். தம்பிக்குக் கோபம் வந்தது. மோட்டார் சூட்டைப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து பலகையில் வைத்துப் பார்த்தான். எண்ணெய் தேய்த்தான். முழங்காலிட்டு ஜெபித்தான். அவனுக்கு ஜெபம் அவ்வளவு பழக்கமில்லை, அதனால் வாடிக்கையாளர் சேவை மையத்தில் புகார் கொடுப்பதுபோல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரே மழைக்காலத்தில் அக்காவை இரண்டு முறை இழந்தவன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தான்.

மழை விட்டபின் ஒருநாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஏறும் பெட்டிக்குச் சரியாக எதிர்ப்பக்கம் எடை இறங்க வேண்டும். அந்தக் கணக்கில் கோளாறு. அதைச் சரிசெய்துவிட்டு, லிஃப்ட் சும்மா ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காக, அறுவைசிகிச்சை அறைக்கு வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். பக்கத்து நாற்காலியில் சட்டையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளியோடு ஒரு பெயிண்டர் இருந்தார்.

“இங்க யாருங்க உட்கார்ந்திருந்தாங்க?”

“யாருமில்லீங்களே. காலையிலிருந்து நான் ஒருத்தன்தான். நீங்க டாக்டரா?”

“இல்ல. லிஃப்ட்.”

“லிஃப்ட் சரியாயிடுமா?”

“ஆயிடுச்சு.”

“அப்ப எங்க வீட்டுக்காரியும் சரியாயிடுவாளா?”

தம்பி அக்காவாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். “எனக்கு லிஃப்டைப் பத்திதாங்க தெரியும்” என்றான். பெயிண்டர் சிரித்துவிட்டார். சிரித்ததில் கண்ணில் நீர் வந்தது. தம்பி போகவில்லை, திரும்ப உட்கார்ந்தான். லிஃப்ட் ஆளில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுவைசிகிச்சை அறைக் கதவு திறந்து, பித்தப்பை மட்டும் குறைந்து மற்றபடி முழுசாக அவர் மனைவி ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்ததும் பெயிண்டர் அவள் பின்னாலேயே ஓடினார். அவர் எழுந்ததும் தம்பியின் நாற்காலி ஆறிப்போயிற்று. (அந்தப் பெயிண்டர் நன்றிக்கடனாகத் தம்பி வீட்டு கேட்டைக் கிளிப்பச்சையில் அடித்துக் கொடுத்தார். தம்பியின் மனைவி அதற்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை.)

தம்பிக்குப் புரியத் தொடங்கியது. அன்று மாலையே ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்த்தான். குடும்பத்தோடு இருந்தவர்கள் பக்கத்தில் இடம் சாதாரணமாக இருந்தது. தனியாக இருந்தவர் யார் பக்கத்தில் கையை வைத்தாலும் சூடு. மருந்துக்கடை வாசலில், பேருந்து நிறுத்தத்தில், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தண்டனைக்குக் காத்திருந்த பிள்ளைக்குப் பக்கத்தில், எல்லா இடத்திலும் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும். அப்போதுதான் மனைவி ஒன்றைச் சொன்னாள். அக்கா அந்தக் கதவோர இடத்தில் முதல் பாட்டுவரைக்கும்தான் உட்காருவாள், தனியாக வந்தவர் யாரென்று பார்த்துக்கொண்டு எழுந்து அவர் பக்கத்துக்குப் போய்விடுவாள். முன்வரிசையில் மின்விசிறியைப் பார்த்தபடி உட்காரும் தம்பிக்கு அது தெரியாது. அக்கா போன பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தவர்களில் தனியாள் யாரென்று அவன் எண்ணிப் பார்த்தான். முதல் ஆள் அவனேதான். கூட மனைவி இருந்தும் அன்று அவன் தனியாள்தான். கயிறு கட்டிய பிறகு தனியாக வருகிற யாரும் அங்கே உட்கார முடியாமல் போயிற்று.

கயிற்றை அவனே போய் அவிழ்த்தான். மைக் அண்ணன் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஆலயம் முழுக்கக் கேட்கும்படி, “என்ன தம்பி, சொத்தைப் பொதுவாக்கிட்டியா?” என்றார். “அது பட்டாவே இல்லாத சொத்துண்ணே” என்றான் தம்பி.

அதன் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் பக்கத்தில் இடம் சூடாக இருக்கும் என்பது தெரிந்துவிட்டதால், குளிர்காலத்தில் மக்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகு பேசாமல் இருப்பது மரியாதையில்லை என்று பேசினார்கள். பேசியதில் சில கல்யாணங்கள் நடந்தன, ஒரு சைக்கிள் கடை உருவானது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகோதரர்கள் வாய்ச்சண்டை அளவுக்கு முன்னேறினார்கள். பூனைகள் மனிதர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. யார் பக்கத்தில் பூனை சுருண்டு படுத்திருக்கிறதோ அவர் வீட்டில் இன்று ஆளில்லை என்று அக்கம்பக்கத்தார் தெரிந்துகொண்டு கதவைத் தட்டினார்கள். போதகர் பலகையை எங்கே வைப்பதென்ற கவலையை விட்டார். கர்த்தர் செய்வதையெல்லாம் கமிட்டியில் தீர்மானம் போட்டுத்தான் செய்கிறாரா என்ன என்று கேட்டார், அந்த வருடத்தின் மிகச் சிறிய பிரசங்கம் அதுதான். தம்பி வேலை முடிந்ததும் வார்டுகளுக்குப் போனான். அக்காவுக்கு வந்த வார்த்தைகள் அவனுக்கு வரவில்லை. லிஃப்டுகளைப் பற்றிப் பேசினான். நோயாளிகளில் பலர் அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். கடவுளிடம் அவனுக்கு இன்னும் சில கேள்விகள் இருந்தன. யார் பக்கத்திலாவது உட்கார்ந்தபடியே கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டான்.

போன வருடம் கமிட்டி அக்கா பெயரில் ஆலயச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதிக்க முடிவு செய்தது. அக்கா கடைசி நேரத்தில் என்ன சொன்னார்கள் என்று மைக் அண்ணன் கேட்டார். நல்ல வசனமாக இருந்தால் தகட்டுக்கு எடுப்பாக இருக்கும் என்றார். அப்போது பக்கத்தில் இருந்த சொந்தம் தம்பி ஒருவன்தான். அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்கென்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்று வெகுநாள் மனத்தாங்கல். இப்போது சொன்னான். கட்டிலருகே நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான், பக்கத்து ஸ்டூலில் அவனுடைய கருவிப்பை இருந்தது, அடுத்த கட்டிலில் படுத்திருந்த பிள்ளையின் அம்மா உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். அக்கா கண்ணைத் திறந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள். அவன் சொல்லி முடித்ததும் மைக் அண்ணன் முதன்முறையாகத் தாழ்ந்த குரலில், அப்படியே பொறிக்கச் சொல்லுங்கள் என்றார். பொறித்தார்கள். ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நின்று அதை இரண்டுமுறை படிக்கிறார்கள்:

“டேய், அந்தப் பையை எடுத்துக் கீழ வைடா. அவங்க எவ்வளவு நேரந்தான் நிப்பாங்க?”