வேட்டியின் குட்டிகள்

அந்தச் சனிக்கிழமை காலையில் பலாபத்வல ஊர் முழுவதும் ஒரே பேச்சு. டெங்கு பார்க்க சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. மாத்தயா வருகிறாராம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால் வழக்குத்தானாம். பக்கத்து வீட்டில் பூச்சட்டிகளைக்கூடக் கவிழ்த்தார்கள். கிருஷாந்தியும் கொல்லையில் இருந்த நீலத் தண்ணீர்ப் பரலைச் சாய்த்தாள். மீன் தொட்டிக்கென்று இரண்டு நாட்களாக ஆறவிட்டிருந்த தண்ணீர், முற்றத்தில் ஓடி வீதியோரக் கானில் விழுந்தது.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய நாளும் அதுதான். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், ஒரு நாளாவது வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று கணவன் தனுஜன் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஒரு தடவைதானே என்று நினைத்தாள். கலங்கிய தண்ணீரில் முக்கால்வாசியை வாளியில் எடுத்துவிட்டு, குழாயிலிருந்து நேராக நிரப்பினாள்.

பின்னேரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. பழைய தண்ணீர் இன்னும் வாளியில் இருப்பது நினைவுக்கு வந்தபோது உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒரு பெண் மீன். அதை வாளிக்குள் விட்டாள். மற்றவற்றைக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தாள்.

மாத்தயா அன்றைக்கு வரவே இல்லை.

அவை தனுஜனின் கப்பிகள். ஆண்களுக்கு உடம்பின் பின்பாதி கறுப்பு, வால் மட்டும் சலவைக்குப் போய் வந்தது போல வெள்ளை. அந்த வாலைப் பார்த்துத்தான் அவற்றுக்கு வேட்டி என்று பெயர் வைத்திருந்தான். எங்கோ கிடைத்த ஓர் ஆணை வைத்து, குட்டிகளில் நல்லதைத் தேர்ந்து தேர்ந்து, நான்கு வருடத்தில் உருவாக்கிய வகை அது. கிருஷாந்தி அந்த வீட்டுக்கு வந்து பதின்மூன்று மாதம்தான் ஆகிறது. கல்யாணமாகி நாலாம் மாதம் அவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. காலை பத்து மணிக்கு வீடியோ கோல் வரும். அவன் பின்னால் இரட்டைக் கட்டிலின் இரும்பு ஏணி தெரியும். அறையில் இன்னும் நாலு பேர். யாரோ சிரிப்பார்கள், யாரோ இருமுவார்கள். கிருஷாந்திக்குப் பேச வாயே வராது. தொட்டிப் பக்கம் போனைத் திருப்பிவிட்டால்தான் இருவருக்கும் பேச்சு வரும். எது சாப்பிடுகிறது, எது வயிறு பெருத்திருக்கிறது, எந்த ஆண் எதைத் துரத்துகிறது. அப்படியே அரை மணி நேரம் ஓடிவிடும்.

மீன் இல்லாவிட்டால் அந்த அரை மணி நேரத்தில் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் புதன்கிழமை பஸ் ஏறி மாத்தளைக்குப் போனாள்.

மீன் கடை வைத்திருக்கும் பஸ்லி நானா, அவள் போனில் காட்டிய படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது தனுஜன்ட மீனல்லவா தங்கச்சி. இது வேற எவன்கிட்டயும் இல்ல."

"கிட்டத்தட்ட இருந்தாலும் போதும் நானா."

அவர் ஒரு தொட்டிக்குள் வலையை விட்டு ஒன்றை எடுத்தார். "இந்தா, பாதிக் கறுப்பு. வாலு மட்டும் லேசா மஞ்சள் ஈக்கி. வேட்டிய மஞ்சத் தண்ணியில அலசின மாதிரி."

மத்தியானம் இரண்டு மணிக்கு அதைத் தொட்டியில் விட்டாள். வாளித் தண்ணீரோடு அந்தப் பெண் மீனும் ஏற்கெனவே அங்கே திரும்பியிருந்தது. மாமியார் பாலாமணி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"புது மாப்பிள்ளை வந்தாச்சு போல."

"அத்தை, அவர்கிட்ட சொல்லிறாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன். எனக்கே கண்ணு மங்கல். ஆனா எனக்கே தெரியுது புள்ள, அது நம்ம வேட்டி இல்ல."

முதல் வெள்ளிக்கிழமை போனைத் தூரத்தில் பிடித்தாள். மற்றவை பாசிக்குள் ஒளிந்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை சிக்னல் சரியில்லை என்றாள். இரண்டு தடவையும் அவன் நம்பினான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, மறைக்கும் முன்னமே பெண் மீன் கண்ணாடியோரம் வந்து நின்றுவிட்டது.

"அடியே, வயித்தப் பாரு. பெட்டி மாதிரி ஆயிருச்சு. இன்னும் ஒரு வாரம்தான், குட்டி போட்டுரும்." தனுஜனின் குரல் ஏறியது. "இந்தத் தடவ குட்டிகள்ல நல்ல ஆண் ரெண்ட மட்டும் வச்சிக்கிட்டு மத்த ஆணையெல்லாம் பிரிச்சிரு. நான் வாறப்போ அசல் வேட்டி அம்பதாவது இருக்கணும்."

அசலாம். இனிப் பேசாமல் இருந்தால், ஊர் திரும்பிய பிறகும் அவன் கடை மீனின் குட்டிகளைத் தன்னுடையவை என்று வளர்த்துக்கொண்டிருப்பான்.

"அந்த ஆண் வேட்டி இல்லங்க."

"எது?"

"தொட்டியில இருக்கிறது. பஸ்லி நானா கடையில வாங்கினது. நான்தான் பரலக் கவுத்துட்டு, பைப் தண்ணிய நேரா ஊத்திட்டேன். இது ஒன்னுதான் மிச்சம்."

ஏணிக்குப் பின்னால் யாரோ வேறு எதற்கோ சிரித்தார்கள்.

"அப்ப ரெண்டு வெள்ளிக்கிழம நீ எனக்கு எதக் காட்டின?"

அவன் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குரல் செய்தி வந்தது. பாடம் ஒப்பிப்பது போலப் பேசியிருந்தான். "கப்பி ஒருக்கா சேர்ந்தா அந்த ஆணோட விந்த மாசக்கணக்கா உள்ளுக்கே வச்சிருக்கும். ஆணே இல்லாம திரும்பத் திரும்பக் குட்டி போடும். நீ அந்தக் கடை மீன விடாம இருந்திருந்தா, இந்த ஒன்னுகிட்ட இருந்தே நம்ம வேட்டி எல்லாத்தையும் திருப்பி எடுத்திருக்கலாம். இப்ப அந்த ஆண வெளிய எடு. என்னைக்கு விட்டன்னு சரியாச் சொல்லு."

அவள் இரண்டு தடவை கேட்டாள். மீன்கள் செத்ததைவிட இது மோசமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

'புதன்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி' என்று எழுதி அனுப்பினாள்.

'அப்ப வாற புதனோட மூணு வாரம். மூணு வாரமாவது வயித்துல இல்லாம குட்டி வராது. அதுக்குள்ள போட்டா சந்தேகமே இல்ல, வேட்டியோடதுதான். அதுக்குப் பிந்தினா சொல்ல ஏலாது.'

அவ்வளவுதான் அவனும் எழுதினான்.

கடை ஆணை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்கு மாற்றினாள். தாய் மீனே குட்டியைத் தின்றுவிடும் என்பதால் தொட்டியில் பாசியை நிறையப் பரப்பினாள். திங்கள் போனது. செவ்வாய் பெண் மீன் ஒரு மூலையிலேயே நின்றது. புதன்கிழமை முழுக்க அவள் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்து மரக்கறி வெட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் குட்டி வந்தது. சுருண்ட ஒரு துளியாகக் கீழே விழுந்தது. கல்லைத் தொடும் முன்னே விரிந்து, இரண்டு கண்ணும் ஒரு வாலுமாகப் பாசிக்குள் ஓடியது. பிறகு இன்னொன்று. கிருஷாந்தி அழுதுகொண்டே எண்ணினாள். பத்தொன்பது.

பாலாமணி அவள் தோளைத் தட்டினாள். "எதுக்கு அழுவுற? நேத்துப் போட்டுச்சுன்னு சொல்லு. ஒரு நாள்தானே. மீன் என்ன சத்தியம் பண்ணவா போகுது?"

"குட்டி என்ன நிறம்னு பிறகு தெரிஞ்சிரும் அத்தை."

"அது அஞ்சு வாரம் கழிச்சுத்தானே. அதுவரைக்கும் அவன் நிம்மதியா இருப்பான்ல."

கிருஷாந்தி போனை எடுத்தாள். ஒரு நாள்தான். புதன் என்று எழுதினால் போதும், நாளைக்கு அவன் குரல் பழையபடி ஏறும். 'இண்டைக்குத்தான் போட்டுச்சு' என்று எழுதினாள். 'காலைல பத்து மணிக்கு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பத்தொன்பது.' திரும்ப வாசிக்காமல் அனுப்பினாள்.

மறுநாள் பத்து மணிக்கு போன் அடித்தது. தனுஜனின் முகம் சவரம் செய்யாமல் இருந்தது. இரும்பு ஏணி அதே இடத்தில் இருந்தது.

"அம்மா என்னைய நேத்தே கூப்பிட்டாங்க," என்றான். "மீன் புதன்கிழம போட்டுச்சுன்னு."

கிருஷாந்தி சட்டென்று சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே பாலாமணி தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"வியாழக்கிழமதாங்க."

"தெரியும். உன் மெசேஜ் முன்னமே வந்திருச்சு." அவன் கன்னத்தைச் சொறிந்தான். "அப்ப என்னன்னு சொல்ல ஏலாது. வேட்டியாவும் இருக்கலாம், கடை மீனாவும் இருக்கலாம். வாலு வந்தாத்தான் தெரியும். சரி, தொட்டியக் காட்டு."

அவள் போனைத் திருப்பப் போனாள். பிறகு திருப்பவில்லை.

"ஒன்னு சொல்லவா? அங்க நாலு பேர் இருக்கிறப்போ எனக்குப் பேச்சே வரமாட்டேங்குது. மீனப் பத்தி மட்டுந்தான் வருது."

அவன் எழுந்தான். பிறகு படம் ஆடியது. ஏணி, கதவு, இருட்டான ஒரு நடை, படிகள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கடைசியில் ஒரேயடியாக வெளிச்சம். மொட்டைமாடி, தண்ணீர்த் தாங்கிகள், கயிறு முழுவதும் ஆண்களின் உடுப்பு. அவன் இருக்கும் இடத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"சரியான வெயில்," என்றான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "கெதியாச் சொல்லு. அந்தச் சனிக்கிழம என்ன நடந்துச்சு? முதல்ல இருந்து."

கிருஷாந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். பாசியிலிருந்து ஒரு குட்டி வெளியே வந்து கண்ணாடியோரம் நின்றது.

"காலையில பீ.எச்.ஐ. மாத்தயா வாறாருன்னு சொன்னாங்க," என்று தொடங்கினாள்.