கதவுக்கு வெளியே மாமாவின் ஷூ

சின்னவள் வெளிநாட்டுக்குத் தனியாகப் போகிறாள் என்று தெரிந்ததும் அக்கா செய்த முதல் காரியம், தன் வீட்டுக்காரரின் பழைய ஷூவைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியதுதான். அக்கா பக்கத்து ஊருக்குக்கூடத் துணையில்லாமல் பஸ் ஏறியவள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவள் எடுத்த பாடத்தை, உலகத்தை மூன்று தரம் சுற்றி வந்தவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் கேட்டிருப்பாள்.

"பாஸ்போர்ட் எப்பவும் உடம்போட இருக்கணும். பையில வைக்காதே. ராத்திரி படுக்கறப்ப கதவுக்கு அடியில இந்த ரப்பர் கட்டையைச் செருகிடு. முக்கியமா, யார் கேட்டாலும் தனியா வந்திருக்கேன்னு சொல்லிடாதே."

"வேற என்னக்கா சொல்றது?"

"வீட்டுக்காரர் கூட வந்திருக்கார்னு சொல்லு."

"எந்த வீட்டுக்காரர்?"

"அதைத்தானே நானும் பத்து வருஷமா உன்கிட்ட கேட்டுட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

சின்னவளுக்கு வயது முப்பத்தைந்து. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதில்லை, வேண்டும் என்று மெனக்கெட்டதும் இல்லை. எம்பிராய்டரி மெஷின் விற்கும் கம்பெனியில் வேலை. மெஷின் எந்த நாட்டுக்குப் போகிறதோ அங்கே இவளும் பின்னாலேயே போய், அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, அங்கிருப்பவர்களுக்குப் பழக்கிவிட்டு வர வேண்டும். வழக்கமாகக் கூட வரும் மூத்த மெக்கானிக்குக்கு இந்த முறை முதுகு பிடித்துக்கொண்டது.

அக்கா தன் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் மாட்டினாள். ஷூவைப் பெட்டியில் திணித்தாள். "ரூம் கதவுக்கு வெளியே வச்சிடு. உள்ளே ஆம்பளை இருக்கான்னு நினைச்சு எவனும் கிட்ட வரமாட்டான்."

கறுப்புத் தோல் ஷூ. இடது காலில் மட்டும் அடிப்பாகம் இரண்டு விரல் கனம் கூடுதல். மாமாவுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கால் கொஞ்சம் குட்டை. வீட்டுக்குள் வெறுங்காலோடு அவர் ஒரு காலை அழுத்தி, ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தத்தை வைத்தே வருவது மாமா என்று தெரிந்துவிடும். அந்தக் காலுக்காகச் சொல்லிச் செய்த ஷூ அது. மாமா புது ஜோடி வாங்கிவிட்டதால் இது பரணுக்குப் போயிருந்தது.

போய் இறங்கிய இடத்தில் கம்பெனி பிடித்துக் கொடுத்த விடுதி, நாலு மாடி ஒல்லிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு மேசை, அதன் பின்னால் சாவிகள் தொங்கும் பலகை, அதன் முன்னால் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்ட ஓர் அம்மாள். சின்னவள் மனசுக்குள் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர் வைத்தாள். நல்ல மனுஷி. உலகத்தில் எல்லாக் கதையும் புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஆரம்பித்துச் சமாதானத்தில் முடியும் என்று நம்புகிறவள்.

"தனியாவா வந்திருக்கீங்க?" என்று சாவிக்காரி கேட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஓர் அரைகுறை மொழி. மீதிக்குக் கை இருந்தது.

"இல்லை. வீட்டுக்காரர் இன்னைக்கு ராத்திரி வந்து சேர்ந்திடுவார். இங்கே அவருக்கும் வேலை இருக்கு. ராத்திரி வேலை. பகல்ல தூங்குவார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பூவேலைக்காரி இல்லையா, பொய்யிலும் கொஞ்சம் பூப்போட்டாள். அவர் யாரோடும் அதிகம் பேசமாட்டார், கொஞ்சம் முன்கோபி, கதவைத் தட்டினால் பிடிக்காது என்றெல்லாம் சேர்த்தாள். சாவிக்காரி கண்ணைச் சிமிட்டி, "எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். சின்னவளுக்கு ஒரே பொய்யில் கல்யாணம் முடிந்துவிட்டது.

மூன்றாவது மாடியில் அறை. ஷூவைக் கதவுக்கு வெளியே வைத்தாள். ரப்பர் கட்டையைச் செருகினாள். நன்றாகத் தூங்கினாள். காலையில் வேலைக்குப் போகும்போது ஷூவைப் பார்த்து, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

தையல்கூடத்தில் வேலைக்குக் குறைவில்லை. பன்னிரண்டு தலை உள்ள மெஷின். பன்னிரண்டு சட்டைப் பையில் ஒரே நேரத்தில் ஒரே பூவைப் போடும். ஏழாவது தலை மட்டும் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. அங்கே சூப்பர்வைசராக இருந்த அம்மாள் அதிகம் பேசாதவள், ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்கிறவள். சின்னவளுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளிடமும் வீட்டுக்காரர் கதையைத்தான் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது ஷூவின் நாடா முடிச்சுப் போட்டிருந்தது. சின்னவள் அதை அவிழ்த்தபடிதான் விட்டிருந்தாள். கூட்டுகிறவள் ஒழுங்குபடுத்தியிருப்பாள் என்று நினைத்தாள். இன்னொரு நாள் பகலெல்லாம் மழை. ஷூ வழக்கமான இடத்திலேயே இருந்தது, ஆனால் அடிப்பாகம் நனைந்திருந்தது. தரை துடைத்த தண்ணீராக இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். அப்புறம் அறைக்குள்ளேயும் சின்னச் சின்ன விஷயங்கள். அவள் படுக்காத பக்கத்துத் தலையணையில் ஒரு பள்ளம். இரண்டு கோப்பைகளில் அவள் தொடாத கோப்பை ஈரமாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

அக்காவிடம் போனில் சொன்னாள்.

"எல்லாம் கூட்ற பொம்பளை வேலையா இருக்கும். பணம், நகை ஏதும் காணோமா?"

"இல்லக்கா. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

"ஒண்ணும் போகலைன்னு கவலைப்படறவ நீ ஒருத்திதான்" என்றாள் அக்கா.

ஏழாவது தலை வழிக்கு வந்த அன்றைக்கு நூல் தீர்ந்துபோனது. புது நூல் மறுநாள்தான் வரும் என்றார்கள். சின்னவள் மத்தியானமே விடுதிக்குத் திரும்பினாள். தெருவில் வெயில் பளிச்சென்று அடித்தது. சாவிக்காரி அவளைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டீங்களே. நல்லதாப் போச்சு. அவர் மேலேதான் இருக்கார்."

"யாரு?"

"யாரா? உங்க வீட்டுக்காரர்தான். ரெண்டு பேருக்கும் டீ கேட்டார். இப்பத்தான் கொண்டுபோய் வச்சிட்டு வந்தேன்."

சின்னவள் சாவிப் பலகையைப் பார்த்தாள். அவளுடைய அறையின் ஆணியில் எப்போதும் தொங்கும் மாற்றுச் சாவி இல்லை.

"மாத்துச் சாவியை யாருக்குக் குடுத்தீங்க?"

"அவருக்குத்தான். மூணு நாலு நாளாச்சே. நீங்க வேலைக்குப் போனதும் வருவார், நீங்க வர்றதுக்கு முன்னாடி சாவியைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவார். பாவம், ராத்திரி வேலை. நீங்க சொன்ன மாதிரியே, பேச்சே கிடையாது. எனக்கு அந்த ஷூவைப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. தினம் உங்க வாசல்ல பார்க்கிற ஷூதானே." சாவிக்காரி குரலைத் தாழ்த்தினாள். "கால்தான் ஒரு மாதிரி நொண்டி நொண்டி நடக்கிறார். கேட்டேன். இன்னைக்கோட சரியாயிடும்னார்."

நொண்டி நடக்கிறார். அந்த ஷூவைப் போட்டிருக்கிறார். சின்னவளுக்கு நினைப்பு நேராக வீட்டுக்குத்தான் ஓடியது. மாமா எப்படி இங்கே வர முடியும்? உயிரோடு இருக்கிற மனுஷன் இத்தனை கடல் தாண்டிச் சொல்லாமல் கொள்ளாமல் வருவாரா? உயிரோடு இருக்கிற என்ற வார்த்தை மனசில் வந்ததும் போனை எடுத்தாள். மாமாவின் நம்பரையே அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னம்மா?" என்றார் மாமா. பின்னால் டிவி அலறியது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னாச்சு?"

"உங்க பழைய ஷூவைப் போட்டுக்கிட்டு இங்க யாரோ நொண்டி நொண்டி நடக்கிறாங்களாம் மாமா. நான் நீங்கதானோன்னு..."

மாமா சிரித்தார். "நல்லா நினைச்சே. அதைப் போட்டா நான் எங்கே நொண்டுறேன்? நொண்டக் கூடாதுன்னுதானே அந்த ஷூவே. வெறுங்காலோடதான் என் வண்டவாளம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். டிவிச் சத்தம் நின்றது. "அதைப் போட்டு ஒருத்தன் நொண்டுறான்னா, அவனுக்கு ரெண்டு காலும் சமம்மா. நீ இப்ப எங்கே நிக்கிறே?"

"கீழே, மேசைகிட்ட."

"மேலே போகாதே."

போனை அணைக்காமல் கையில் பிடித்தபடி சின்னவள் சாவிக்காரியின் பக்கம் குனிந்தாள். "அம்மா, எனக்கு வீட்டுக்காரர் கிடையாது. கல்யாணமே ஆகலை. மேலே இருக்கிறவன் யார்னு எனக்குத் தெரியாது. போலீசைக் கூப்பிடுங்க."

சாவிக்காரியின் முகத்தில் பயம் வரும் என்று பார்த்தாள். வந்தது ஒரு பெரிய கனிவு. சாவிக்காரி அவள் கையைப் பிடித்து மோதிரத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"இதையும் அவர் சொன்னார். கோவம் வந்தா, எனக்குப் புருஷனே இல்லைன்னு சொல்லுவா, நீங்க தப்பா நினைச்சுக்காதீங்கன்னார். டீ ஆறிடும். போய்ச் சமாதானமாயிடுங்க."

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். தான் சொன்ன பொய்யை அங்கே எல்லோரும் நம்பிவிட்டார்கள், தான் சொல்லும் உண்மைக்குத்தான் அங்கே ஓர் ஆள்கூட இல்லை என்று சின்னவளுக்குப் புரிந்தது. உலகத்தில் வேறெப்போதும் அவள் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். ஒரு காலை அழுத்தி ஒரு காலை இழுக்கும் சத்தம் இல்லை அது. இரண்டு காலும் ஒரே அளவாக, ஒரே கனமாக இறங்கி வந்தன.

"பாருங்க, நான் சொல்லலை? இன்னைக்கோட சரியாயிடுச்சு" என்றாள் சாவிக்காரி.

படி திரும்பும் இடத்தில் சத்தம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கணுக்கால் வரைக்கும்தான் தெரியும். கறுப்பு ஷூ இரண்டும் பளபளவென்று பாலிஷ் போட்டு, பக்கத்தில் பக்கத்தில், சமமாக நின்றன. மேலே இருந்து ஒரு குரல் மெதுவாக, அந்த ஊர் மொழியில், பெண்டாட்டியைக் கூப்பிடும் தொனியில் ஏதோ கேட்டது. சாவிக்காரி அவளைப் பார்த்து, "வர்றீங்களான்னு கேட்கிறார்" என்றாள்.

சின்னவள் ஓடினாள். பாஸ்போர்ட் இடுப்பில் இருந்தது. அக்கா சொன்னதில் அது ஒன்று உருப்படி. கடைகள், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம் விட்டு வரும் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டித் தையல்கூடத்தில் போய்த்தான் நின்றாள். சூப்பர்வைசர் அம்மாளிடம், பொய்யையும் சேர்த்து முழுசாகச் சொன்னாள். அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஷூ எப்பவும் வாசல்லயேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"போட்டு நடக்கிறவன் ஷூ எப்பவாவது வாசல்ல இல்லாம இருக்கும். இதைக் கவனிச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கும், இதுக்குள்ள கால் இல்லைன்னு."

அப்புறம் அவள் எழுந்து, போலீசுக்குத் தானே போன் செய்தாள்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் முன்னால் போக, அவர்கள் பின்னால் சின்னவள் மாடியேறினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே யாரும் இல்லை. படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. மேசையில் இரண்டு கோப்பை. ஒன்று காலி. இன்னொன்று நிறைய, ஆடை படிந்து, தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. அவளுடைய துணிகளை யாரோ மடித்து அடுக்கியிருந்தார்கள், அவள் மடிப்பதைவிட ஒழுங்காக. எதுவும் காணாமல் போகவில்லை. வெறுங்காலோடு போனானா, அவனுக்கென்று வேறு செருப்பு இருந்ததா, யாருக்கும் தெரியவில்லை. பின்பக்கப் படிக்கட்டுக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. கீழே சாவிக்காரி போலீஸ்காரரிடம், நல்ல மனுஷன், இந்தப் பொண்ணுக்குத்தான் கோவம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷூ கதவுக்கு வெளியே அதன் இடத்தில் இருந்தது. சின்னவள் தினமும் வெளியே பார்த்த மாதிரிதான் வைப்பாள். இப்போது இரண்டும் அறையைப் பார்த்திருந்தன. இடது ஷூவை எடுத்தாள். கையில் கனமே இல்லை. திருப்பிப் பார்த்தாள். அடியில் கூடுதலாக இருந்த இரண்டு விரல் கனத்தை யாரோ அறுத்து எடுத்து, பிசிறில்லாமல் தேய்த்து, வலது ஷூவுக்குச் சமமாக்கியிருந்தார்கள். அறைக்குள்ளே குப்பைக்கூடையில் ரப்பர்த் துருவல் காகிதத்தில் பொதிந்து கிடந்தது. பக்கத்தில், அவள் அறையில் விட்டுப் போயிருந்த நூல் அறுக்கும் பிளேடு துடைத்து வைத்திருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே உட்கார்ந்து அவன் அந்த வேலையைச் செய்திருக்கிறான். ஒருநாள் தாமதித்து வந்திருந்தால் சாவிக்காரி சொல்ல ஒரு நொண்டலும் இருந்திருக்காது, மாமாவுக்குப் போன் செய்யக் காரணமும் இருந்திருக்காது. அப்போது சின்னவள் சாவிக்காரியோடு சண்டை போட்டிருப்பாளா, தானே மேலே போயிருப்பாளா, அவளால் யோசிக்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே வேறு விடுதிக்கு மாறினாள். சூப்பர்வைசர் அம்மாள் கூட வந்தாள். மேசையில் இருந்தவர், "தனியாவா?" என்று கேட்டார்.

சின்னவள் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். "தனியாத்தான். எனக்கு யாரும் இல்லை. யார் வந்து என்ன உறவு சொன்னாலும் பொய். சாவி என் கையில மட்டும்தான்." எழுதிக்கொள்ளச் சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை நின்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. எல்லாம் தன்னால்தான் என்று அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். கடைசியில், அழுகிற வாயோடேயே, "அந்த ஷூவை என்னடி பண்ணே? வரும்போது எடுத்துட்டு வந்திடு. மாமா கேட்கிறார்" என்றாள்.

"அது இனி மாமாவுக்கு ஆகாதுக்கா" என்றாள் சின்னவள். "ரெண்டு காலும் சமமா இருக்கிற எவனுக்கும் ஆகும்."