குறிப்பில் விழாத சொல்

சோலூர்ப் பக்கம் இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியில், இலை அரைக்கும் மெஷினில் சிக்கிக் காளிமுத்துவின் இரண்டு விரல்கள் போயின. உருளைகளின் மேல் இருக்க வேண்டிய இரும்பு மூடி அப்போது கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கழற்றச் சொன்னது யார் என்று விசாரிக்க மேனேஜர் தேவநேசன் கூட்டம் போட்டார். பேசுவதைத் தானாகவே எழுதிச் சுருக்கித் தரும் ஏஐ செயலியை லேப்டாப்பில் ஓடவிட்டவள் ஷைனா. ஆபீஸில் பாதுகாப்பு வேலைகளைப் பார்ப்பவள். அந்தச் செயலியை வாங்கச் சொன்னதும் அவள்தான்.

மறுநாள் அது எழுதிய கூட்டக் குறிப்பு எல்லோருடைய போனுக்கும் போனது. சற்று நேரத்தில் மெஷின் ஃபோர்மேன் நௌஷாத் அவள் மேஜை முன் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், மூடியக் கழட்டச் சொன்னது நாந்தான்னு நானே ஒத்துக்கிட்டனாமா?"

"நான் ஒரு எழுத்துகூட மாத்தலீங்க. அதுவா எழுதுனதுங்க."

"அதுவா எழுதுச்சா? யாரக் காப்பாத்தறதுக்குங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. அதன்பின் அவள் டீ குடிக்கப் போனால் அங்கே பேச்சு நின்றுபோனது. லேப்டாப் திறந்திருந்தால் யாரும் அவள் அறைக்குள் வரவில்லை. நௌஷாத்தை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது.

செயலி சேமித்து வைத்திருந்த கூட்டத்தின் ஒலிப்பதிவை ஷைனா போட்டுக் கேட்டாள். "மூடியக் கழட்டச் சொன்னது நான்..." என்றது நௌஷாத்தின் குரல். அதற்கு மேல் தகரக் கூரையில் கொட்டிய மழைச் சத்தம்தான். அதற்குள் "இல்லீங்க" என்று ஏதோ கேட்பது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. சொல்லிவிட்டு இப்போது மறுக்கிறாரோ என்று அவர் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பதிவு அந்த இடத்தில் தெளிவாக இல்லை என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"ஒத்துக்கிட்டான்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் தேவநேசன். "அந்த ஆடியோ இனி எதுக்கு? அழிச்சிரு."

அவர் அதைக் கேட்டுப் பார்க்கக்கூட இல்லை. கேட்காமலே ஏன் அழிக்கச் சொல்கிறார்? ஷைனா அழிக்கவில்லை. அரைநாள் லீவு போட்டு ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதுவரை காளிமுத்துவிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"மேனேஜர் சார்தானுங்க கழட்டச் சொன்னாரு" என்றார் காளிமுத்து, கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி. "இலை அடைச்சுக்குது, நேரமாகுதுன்னாருங்க. நௌஷாத் பாய் வேண்டாம்னு சத்தம் போட்டாருங்க. யாரு கேட்டா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தாள். வேலை போனாலும் போகும். செயலி தப்பாக எழுதியது. தப்பென்று தெரிந்த மனிதர் அதற்குள் ஒளிந்துகொண்டார். ஒலிப்பதிவையும் காளிமுத்து சொன்னதையும் தன் பெயரிலேயே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து இருவர் வந்து எல்லோரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். தேவநேசன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நௌஷாத் பழையபடி மெஷின் பக்கம் நின்றார்.

அடுத்த கூட்டம் முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"எழுதுனத இங்கயே படிச்சுக் காட்டுங்க மேடம். கேட்டுட்டுப் போறோம்."

ஷைனா படிக்கத் தொடங்கினாள். அவர் அவள் பின்னால் வந்து நின்று, வரிக்கு வரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.