சம்பந்தியம்மா ஏறிய வண்டி

பெயிண்டர் வீட்டில் பிள்ளை குட்டி கிடையாது. ஆனாலும் ஒரு சம்பந்தியம்மா உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் முணுமுணுப்பாள். எதிர்த்துப் பேச முடியாது, போ என்று சொல்லவும் முடியாது. அதனால்தான் பெயிண்டர் அந்தப் பெயரை வைத்தார். மற்றபடி அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் அவர் மூக்கில் வந்து முடியும். மனுஷன் கார் பட்டறையில் காலமெல்லாம் முகமூடி இல்லாமல் பெயிண்ட் அடித்தவர். "அதைப் போட்டா கலரே சரியாத் தெரியலப்பா" என்று வீம்பு பேசினார். வீம்பு நுரையீரலில் போய்ப் படிந்துவிட்டது.

குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவருக்கு உலகம். அடுப்படி எட்டும், குளியலறை எட்டும், முன் ஜன்னல் எட்டும். இழுத்துப் பிடித்தால் வாசற்படியில் உட்காரலாம். கேட் எட்டாது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சின்னதாக ஒரு சிலிண்டர் இருக்கிறது. போய்வர மட்டும்தான் காணும். டாக்டர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் மனைவி சிலிண்டரின் அளவு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் கெடு ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் பேசி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாரே, அது போதாதா?

மனைவி ஜன்னல் திரை தைப்பவள். தைத்ததைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க ஒரு பழைய வேன் வைத்திருந்தாள். அது ஒருநாள் நடுரோட்டில் கையை விரித்துவிட்டது. வீட்டுப் பக்கம் புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அடுத்தது கரண்ட் வண்டிதான் என்று முடிவானது. புதுசுக்கு எங்கே போவது? பழசாகப் பார்க்கச் சொல்லித் தம்பியைக் கிளப்பிவிட்டாள்.

தம்பி இரண்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"நீலம் இருக்கே, அது டாப் மாடல்க்கா. பெரிய பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் போட்டா கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடலாம். வெள்ளை அதுக்கப்புறம் வந்தது. பேட்டரி சின்னது. ஆனா பின் சீட்டுக்குக் கீழ பிளக் பாயின்ட் வெச்சிருக்கான். வண்டி கரண்ட்லயே ஃபேன் ஓட்டலாம், டீ போடலாம்."

கடல் என்றதும் மனைவியின் கால் தையல் மெஷினில் நின்றது. கடல் தெரியும் ஜன்னல்களுக்கு எத்தனை திரை தைத்திருக்கிறாள்! எல்லாம் போனில் அளவு வாங்கித் தைத்து, பார்சலில் அனுப்பியவை. கடலை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் "அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன்" என்று பெயிண்டர் சொன்னார். பாவி மனுஷன், அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை.

நீல வண்டியை அவள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பெயிண்டர் ஜன்னலில் நின்று பார்த்தார். சத்தமே இல்லை. தெரு அப்படியே இருக்க, வண்டி மட்டும் நழுவிப் போனது. சொப்பனத்தில் வண்டிகள் அப்படித்தான் போகும்.

அன்று மத்தியானம் வெயில் திரைத்துணி வழியாக இறங்கி அறை முழுக்க மஞ்சளாக நின்றது. பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"இப்ப நீ பாலத்தத் தாண்டிட்ட. கண்ணாடிய இறக்கி விட்டுட்ட. முடியெல்லாம் பறக்குது, நீ கண்டுக்கல. ரோடு மேல ஏறுது, ஏறுது… அந்தப் பக்கம் இறங்கினா வானம் எங்க முடியுதுன்னே தெரியல. செருப்பக் கழட்டி வண்டியிலயே போட்டுட்டு மணல்ல இறங்கற."

அவளுக்கும் கண் செருகியது. பாதத்துக்குக் கீழே மணல் சுட்டதுபோலக்கூட இருந்தது.

"நீங்க எங்க நிக்கறீங்க?" என்றாள்.

"நானா? நான் இங்கதான். உன் தம்பிகூட உக்காந்திருக்கேன். சாயந்தரம் நீ வந்து கதை சொல்லுவல்ல?"

அவள் கத்தரிக்கோலைப் பட்டென்று வைத்தாள்.

"நீலம் வேணாம். வெள்ளையே வாங்குவோம்."

"ஏன்?"

"நீலம் வெயில்ல வெளுத்துப்போயிடும்."

"அடிப்பாவி, என்கிட்டயே கலர் பாடமா!" பெயிண்டருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அவள் காரணத்தைச் சொல்லவில்லை. போன மழையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. சம்பந்தியம்மா வாயை மூடிவிட்டாள். சிலிண்டரை மாட்டிவிட்டதும் அவர் அசந்து தூங்கிவிட்டார். சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே போனதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். கரண்ட் ஆபீசில் போன் எடுத்தவன் "வருது வருது" என்றான். முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் கரண்ட் வந்தது. அன்றிலிருந்து ஃபேன் சத்தம் லேசாகக் குறைந்தாலே எழுந்துபோய்ச் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு வருவாள். வெள்ளை வண்டி வாசலில் நின்றால் போதும், கரண்ட் போனால் போகட்டும், அதன் பிளக்கிலிருந்து வீட்டுக்குள் வயர் இழுத்துக்கொள்ளலாம். கடல் என்ன கடல்! இந்த மனுஷன் மூச்சு விட்டால் அவளுக்கு அதுவே போதும்.

இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. அவர் நீலம் என்பார், அவள் வெள்ளை என்பாள். "உங்க ரெண்டு பேர் நடுவுல என் தலை உருளுது" என்று தம்பி புலம்பினான். கடைசியில் வெள்ளையையும் ஒருமுறை கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"பிளக் பாயின்ட் நிஜமாவே நம்ம மெஷின இழுக்குதான்னு பார்க்கணும்டா. உள்ள வரைக்கும் வயர் இழுக்க ஜங்ஷன் பாக்ஸ் கொண்டாரச் சொன்னேனே, எங்க?"

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். வீட்டிலிருந்ததோ தையல் மேஜைக்கு அடியில் ஆணி அடித்துக் கிடந்தது. "உன்னை வெச்சுக்கிட்டு…" என்று அவனை ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு பெயிண்டருக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, சம்பந்தியம்மாவை அவனோடு சேர்ந்து தூக்கிப்போய்ப் பின் சீட்டில் வைத்தாள். பிளக்கைச் சொருகியதும் அது கீச்சென்று கத்திவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தது.

"ஏங்க, வந்து கொஞ்சம் உக்காருங்க. மூச்சு சரியா வருதான்னு பார்த்துடலாம்."

பெயிண்டர் சிலிண்டரோடு, தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று கேட் வரைக்கும் வந்தார். உள்ளே உட்கார்ந்ததும் அவள் குழாயை மாற்றி மாட்டினாள். விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பைப் போட்டுப் பார்த்தாள். வீட்டில் காட்டும் அதே எண். அப்பாடா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"கதவச் சாத்து," என்றார் பெயிண்டர்.

"எதுக்கு?"

"சாத்தேன்."

சாத்தினாள். அவர் கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் எங்கிருந்தோ வருவதுபோல வந்தது.

"இப்ப ஓட்டு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் அந்த வண்டியை அவள் வாசலில் நிற்கிற வண்டியாகவே நினைத்திருந்தாள். அவரோ கடலுக்குப் போகும் வண்டியில் தன்னை ஏற்றிப் பார்த்ததே இல்லை. வண்டி என்றால் ஓடும், சம்பந்தியம்மாவும் கூடவே வருவாள் என்பது இரண்டு மண்டைக்கும் எட்டவில்லையே!

முன்னால் போய் உட்கார்ந்தாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. தம்பி வாயைப் பிளந்துகொண்டு கேட்டில் நிற்க, வீடு பின்னால் போனது. முனைக்கடை வந்தது, போனது. வழியில் நின்ற மரங்களெல்லாம் தூக்கத்தில் வருவதுபோல ஒவ்வொன்றாக வந்து போயின.

"யாரு இந்தச் சுவத்துக்குப் பச்சை அடிச்சது? கண்றாவி!" என்றார் பெயிண்டர். சின்னப் பிள்ளைபோல மூக்கைக் கண்ணாடியில் வைத்திருந்தார். குழாய் அவர் மடியில் சுருண்டு கிடந்தது, இழுபடவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"இதுல கடலுக்குப் போறதுன்னா?"

அவள் தப்புச் செய்தவள்போலச் சொன்னாள்: "பேட்டரி சின்னதுங்க. வழியில ரெண்டு மூணு இடத்துல நிறுத்தி சார்ஜ் போடணும். ஒவ்வொரு இடத்துலயும் ரொம்ப நேரம் காத்துக் கிடக்கணும். ஒரே நாள்ல போய்ட்டு வர முடியாது."

பின்னால் சம்பந்தியம்மாவின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

"கிடப்போமே," என்றார் பெயிண்டர். "எனக்கென்ன அவசரம்?"